கூக்கால் நிலமும் சுற்றும் தட்டும்

போன வாரம் டிம் சம் சாப்பிட்டேன். ஹாங்காங்கில் இல்லை... கொடைக்கானலில்தான்.

ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு ஸ்டார் ஹோட்டலில் கான்டனீஸ் ரெஸ்டாரன்ட் திறந்திருக்கிறார்கள். டிம் சம் என்றால்? நம் கொழுக்கட்டைக்கு வெளிநாட்டில் செட்டிலான சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மூங்கில் கூடையில், ஆவி பறக்க, மரியாதையாக வந்து உட்காருவார்.

பத்தி எழுதுகிறவனுக்கு அங்கே என்ன சோலி என்கிறீர்களா? அழைப்பு எனக்கில்லை. என் மனைவி செல்விக்கு. நான் கூடப் போனேன் — அவ்வளவுதான்.

பக்கத்து மலைக் கிராமமான கூக்காலில் செல்விக்கும் அவளுடைய இரண்டு அண்ணன்களுக்கும் பொதுவாகக் கொஞ்சம் நிலம் உண்டு. மேல் பாதியில் பெரியவர் முருகவேல் பூண்டு போடுகிறார். கீழ்ப் பாதியில் சின்னவர் தண்டபாணி உருளைக்கிழங்கு. நடுவில் ஒரு கம்பிவேலி. ஓடைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற சண்டையில் முளைத்த வேலி அது. அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அந்த நிலத்தை ஒரு ரிசார்ட் கம்பெனி கேட்டது. விற்றுவிட்டால் வேலியும் இல்லை, தண்ணீர்ச் சண்டையும் இல்லை... அண்ணன்கள் இருவரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். செல்விதான் அரை மனசாக இருந்தாள். நானோ அவள் பங்கில் ஒரு கார் வாங்கி, மனசுக்குள் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டும் போய்விட்டு வந்திருந்தேன்.

“லஞ்ச் சாப்பிட்டுட்டே ஃப்ரீயா பேசலாம் சார். அப்புறம் அக்ரிமென்ட்ல சைன் பண்ணிடலாம்” என்றார் கம்பெனி மேனேஜர். சென்னைக்காரர், தங்கமான பையன். பேசிக்கொள்ளாதவர்களை ஃப்ரீயாகப் பேச அழைத்திருக்கிறோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஊரிலிருந்து பெரியவர் ஜீப்பிலும் சின்னவர் டாக்ஸியிலும் வந்து இறங்கினார்கள்.

வட்ட மேஜை. நடுவில் சுற்றுகிற கண்ணாடித் தட்டு. கூடைகளை அதில் வைத்துவிடுவார்கள். வேண்டியதைச் சுற்றி நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும்.

சர்வர் ஒவ்வொரு கூடையாகத் திறந்து, “ப்ரான்... சிக்கன்... முள்ளங்கி கேக்...” என்று சொல்லிக்கொண்டே போனார். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த இரண்டு குச்சிகளை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் இருந்தார்.

“செல்வி, அந்தச் சட்னியை இங்கிட்டுத் தள்ளச் சொல்லு” என்றார். சட்னி இருந்தது தம்பியின் முழங்கை அருகே.

“எடுத்துக்கிடச் சொல்லு” என்றார் தம்பி, செல்வியிடம்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்து வைத்தார்.

பெரியவர் குச்சியைப் போட்டுவிட்டு ஸ்பூனை எடுத்தார். கண்ணாடி போல் மின்னிய ஒரு கொழுக்கட்டையை நோக்கி அதை நீட்டினார். தம்பி சட்டென்று தட்டைச் சுற்றினார். கூடை விலகிப்போனது. பெரியவர் மறுபடி இழுத்தார். தம்பி மறுபடி சுற்றினார்.

சாப்பாட்டு விஷயத்தில் அவமானப்பட்டால் எழுந்து போகிற ஆள் பெரியவர். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் என் கண்ணெதிரே ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தது.

“ஏலே, எதுக்குச் சுத்துறே?” என்றார் பெரியவர். நேராகத் தம்பியைப் பார்த்து.

தம்பி நிமிரவில்லை. “அதுல இறால் கெடக்குண்ணே. உங்களுக்குத்தான் ஆகாதுல்ல.”

எங்கள் கல்யாணத்துக்கு முன்பு திண்டுக்கல்லில் ஒரு விருந்தில் பெரியவர் இறால் சாப்பிட்டு, முகம் வீங்கி, மூச்சு முட்டிப்போனாராம். தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் தண்டபாணி. செல்வி பிற்பாடு சொன்னாள்.

பெரியவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். பிறகு, “எதுல கோழி?” என்றார்.

தம்பி தட்டை மெதுவாகச் சுற்றி, சரியாக அண்ணன் முன்னால் நிறுத்தினார். “இது. சூடா இருக்கு, பாத்து.”

அதற்கப்புறம் அவர்கள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. உருளைக்கிழங்குக்குக் கருகல் நோயாமே என்று அண்ணன் கேட்டார். பூண்டு வெலை எறங்கிருச்சாமே என்று தம்பி கேட்டார். முள்ளங்கி கேக்கை ஆளுக்குப் பாதி பிய்த்துத் தின்றார்கள். “முள்ளங்கியை இம்புட்டுக் கஷ்டப்படுத்தணுமா?” என்றார் பெரியவர். தம்பி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாளோ என்னவோ, செல்வி டீக்கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மேனேஜர் நாசூக்காக ஃபைலைத் திறந்தார்.

“தம்பி, கோச்சுக்காதீங்க” என்றார் பெரியவர் அவரிடம். “பூண்டு நிலத்துல நிக்கிது. அறுப்பு முடியட்டும்.”

“கெழங்கும் நிக்கிதுங்க” என்றார் சின்னவர்.

அறுப்பு முடிந்தால் அடுத்த விதைப்பு வரும் என்பது அந்தப் பையனுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஃபைலை மூடிவிட்டு, மிச்சமிருந்த இறாலை அவரே சாப்பிட்டார்.

திரும்பும்போது ஒரே ஜீப். வேலி இன்னும் இருக்கிறது — ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடத்தில் கம்பியை வெட்டியிருக்கிறார்களாம். ஓடைத் தண்ணீருக்கு இன்னமும் முறைத்துக்கொள்கிறார்கள். ஆனால், நேரடியாக. நானும் செல்வியும் எங்கள் வீடு இருக்கும் அட்டுவம்பட்டியிலிருந்து டவுனுக்கு வழக்கம்போல் ஸ்கூட்டரில்தான் போகிறோம்.

அந்த மேனேஜரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. ஆளுக்கொரு வாழை இலையைப் போட்டுச் சாம்பார் சாதம் வாங்கிக் கொடுத்திருந்தால், நிலம் இந்நேரம் அவர் கையில்!