பட்டியலில் இல்லாத தேடுபொறி

என் மனைவி இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இந்த ஏழு மாதங்களும் எனக்கு இருந்த ஆறுதல் ஒன்றுதான்: தன் நோய் இன்னதென்று அறியாமலே அவள் போய்ச் சேர்ந்தாள். கோலாலம்பூருக்கு அருகே சுபாங் ஜெயாவில் இருக்கும் எங்கள் ஒரே மகளும் அதையே பற்றிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள்.

கணையத்தில் புற்று என்று மருத்துவர் சொன்னபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். மனைவி வெளியே ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தயங்கினார். அவளாகக் கேட்டால் மறைக்க முடியாது, கேட்காதவரை தாமாக எதுவும் சொல்லப் போவதில்லை என்றார். அவள் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்படித்தான் வழக்கம்; என் தந்தைக்கும் இதையே செய்தோம். ஆய்வுக்கு உட்படுவோரின் ஒப்புதலைப் பெறுவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். வீட்டில் குடல்புண் என்று சொன்னேன். வலி மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தெடுத்து, பெயர் ஒட்டாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவைத்தேன்.

கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டில் இருவருக்கும் ஒரே டேப்லட்தான். எப்போதோ அவள் ஒரு பட்டுப்புடவையின் விலையைத் தேடப்போக, நான் நாளிதழ் படிக்கும் பக்கங்களில்கூட ஒரு மாதம் புடவை விளம்பரங்கள் வந்தன. அதிலிருந்து, தேடியதை எங்கும் சேமித்து வைக்காத ஒரு சிறிய தேடுபொறிக்கு அவள் மாறிவிட்டாள். உலாவியைத் திறந்து எதைத் தட்டினாலும் நேராக அதற்கே போகும்படி அமைத்திருந்தாள். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவள். ஒழுங்கு அவளுக்கு இயல்பு. இதையும் அந்த ஒழுங்கின் ஒரு பகுதியாகவே கருதினேன்.

நோய் தெரிந்த இரண்டாம் மாதம் டேப்லட் பழுதானது. பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கமாகப் போகும் கடையில் புதிது வாங்கினோம். அதிலிருந்த உலாவி, முதன்மைத் தேடுபொறியாக ஐந்து பெயர்களில் ஒன்றை மட்டுமே ஏற்றது. அவளுடையது அந்த ஐந்தில் இல்லை. புதிதாகச் சேர்க்கவும் இடமில்லை. கடைக்காரர் அமைப்புகளை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“லிஸ்ட்ல உள்ளதுதான் ஆன்டி. நாம ஒண்ணும் பண்ண முடியாதுலா.”

“பாசார்ல அஞ்சு மீன எடுத்து வச்சிக்கிட்டு, உனக்குப் பிடிச்சத எடுத்துக்கோங்கிற மாதிரி இருக்கு,” என்றாள் அவள்.

“அப்படி என்ன ஆன்டி ரகசியமாத் தேடுறீங்க?”

“இந்த அங்கிளுக்கு ரெண்டாந்தாரம்.”

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அந்தத் தேடுபொறியின் முகவரியைத் தட்டி உள்ளே போகலாம், மறந்துபோய் மேலே உள்ள கட்டத்தில் தட்டினால் பெரிய தேடுபொறிக்குத்தான் போகும் என்று அவர் விளக்கினார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

சென்ற வாரம் என் கண் பரிசோதனைக்காக மருத்துவமனை ஒன்றின் எண்ணைத் தேட வேண்டியிருந்தது. கண் மருத்துவமனை என்று எழுத, மேலே இருந்த கட்டத்தில் க, ண என்று இரண்டு எழுத்துகளைத் தட்டினேன். நான் முடிப்பதற்குள் கீழே ஒரு வரி தோன்றியது: கணையப் புற்று கடைசி மாதம். பக்கத்தில் ஒரு சிறிய கடிகாரக் குறி. இந்தக் கருவியில் முன்பு தேடியது என்று அதற்குப் பொருள்.

நான் அதைத் தேடியதில்லை. எனக்கு வேண்டியதை மருத்துவரிடமே கேட்டிருந்தேன்.

பெரிய தேடுபொறி எங்கள் பெயரில் சேமித்து வைத்திருந்த பதிவைத் திறந்து பார்த்தேன். அவளுடையது என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வரிதான். டேப்லட் வாங்கிய ஒன்பதாம் நாள், முற்பகல். மற்ற நாள்களில் எல்லாம் முகவரியைத் தட்டியே போயிருக்கிறாள். ஒரே ஒரு முறை மறந்திருக்கிறாள். விளம்பர நிறுவனங்களிடமிருந்து அவள் தன்னை மறைத்துக்கொள்வதாக நான் எண்ணியிருந்தேன். அந்தக் கருவியை அவளுக்குப் பிறகு கையில் எடுப்பவன் நான் ஒருவன்தான்.

அந்த ஒன்பதாம் நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்று மாலை தேநீர் குடிக்கும்போது அவள் கேட்டாள்.

“ஏங்க, இந்தக் குடல்புண் ஆற எவ்வளவு நாளாகும்னு டாக்டர் சொன்னாரு?”

இரண்டு மாதம் என்றேன். சரி என்றாள். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். அதற்குள் அந்த வரியை நான் அழித்திருக்கலாம்; விரலால் ஒருமுறை அழுத்தினால் போதும். மூன்று நாள்கள் அழிக்காமல் வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். ஒரு விதத்தில் நல்லது, அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது என்றாள்.

“தெரியும்மா,” என்றேன்.

டேப்லட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் வரியைப் படித்தாள், தேதியைப் படித்தாள், மறுபடியும் வரியைப் படித்தாள்.

“நம்மகிட்ட ஏன்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?”

“நாமளும் சொல்லலையேம்மா.”

திரை தானாக மங்கியது. அணைவதற்குள் மகள் விரலால் தொட்டு அதை மீண்டும் ஒளிரச் செய்தாள். அழித்துவிடலாமா என்று கேட்டாள். அம்மா பதிவு எதையும் விட்டுப்போக விரும்பவில்லை என்றேன்.

உறுதிதானா என்று கருவி ஒருமுறை கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.