கறுப்பு நூல் கட்டிய கன்றுகள்

என் கணவர் மாட்டு வைத்தியர். சென்னையில் படித்துவிட்டு வந்து திருவிதாங்கூர் சர்க்காரில் வேலை பார்த்தார். நான் வடசேரியில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாளாகாத சமயத்தில், அவர் எருமைக் கன்றுகளின் வயிற்றுப் புழுவைப் பற்றி ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார். வீட்டுக்கு வரும் பாலைக் காய்ச்சத் தெரியும் என்பதைத் தவிர எனக்கும் மாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருந்தும் அந்த ஆராய்ச்சியில் எனக்கு ஒரு பங்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் வழியில் ஓர் எருமைக் கன்றைப் பார்த்தால் அதன் வயிற்றைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.

தோவாளைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஓர் எருமையாவது நிற்கும். பெண்கள்தான் வளர்த்தார்கள். தயிரையும் மோரையும் வடசேரிச் சந்தைக்குச் சுமந்து வந்து விற்றார்கள். எருமை ஈன்றால் சந்தோஷம்தான், ஆனால் அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்காது. மூன்றாவது வாரத்தில் கன்றின் வயிறு மட்டும் பானை போல உப்பும். முதுகு ரோமம் சிலிர்த்து நிற்கும். களிமண் நிறத்தில் கழியும். வாயருகே குனிந்தால் கெட்டுப்போன வெண்ணெயின் வாடை அடிக்கும். பிறகு ஒருநாள் காலையில் அது எழுந்திருக்காது. கன்று போனால் எருமை பாலை அடக்கிக்கொள்ளும் என்பதால், செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து அதன் முன்னால் நிறுத்திக் கறப்பார்கள். எருமை அந்தத் தோலை நக்கிக்கொண்டு நிற்பதை முதல்முறை பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கன்றுகள் ஏன் சாகின்றன என்று திருவனந்தபுரத்து மேலதிகாரியைக் கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருந்தது. பெண்கள் ஆசைப்பட்டுப் பாலை ஒட்டக் கறந்து விற்றுவிடுகிறார்கள், கன்று பட்டினியில் சாகிறது. அந்தப் பெண்களும் அதைத்தான் நம்பினார்கள். தங்கள் கைதான் கன்றைக் கொன்றது என்று ஒவ்வொருத்தியும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் அதை நம்பவில்லை. செத்த கன்றுகளை அறுத்துப் பார்த்திருந்தார். மண்புழுவை விடத் தடித்த வெள்ளைப் புழுக்கள், குடலை அடைத்துக்கொண்டு, சுருள் சுருளாக. "புல்லே கடிக்காத கண்ணு. அதுக்குப் புழு எங்கேருந்து வந்தது?" என்று சாப்பிடும்போது என்னிடம் கேட்பார், ஏதோ எனக்குத் தெரியும் என்பது போல. தாயின் வயிற்றிலேயே தொற்றியிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கப்பலில் வரும் ஒருவகை எண்ணெயை ஆமணக்கெண்ணெயோடு சேர்த்து, பிறந்த இரண்டாம் வாரமே புகட்டிவிட்டால் கன்று பிழைக்கும் என்று நம்பினார். அந்த எண்ணெயின் நெடி எங்கள் வீட்டுத் தலையணை வரைக்கும் ஏறியிருந்தது.

நிரூபித்துக் காட்டு, பிறகு ராஜ்யம் முழுவதற்கும் மருந்து வாங்குவோம் என்றார் மேலதிகாரி. நிரூபிப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. பிறக்கிற கன்றுகளில் பாதிக்கு மருந்து கொடுக்க வேண்டும், பாதிக்குக் கொடுக்கக் கூடாது. எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்க்க வேண்டும்.

அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்டினார். மருந்து கொடுத்ததற்குச் சிவப்பு, கொடுக்காததற்குக் கறுப்பு. இரண்டையும் நான்தான் முறுக்கிக் கொடுத்தேன். கறுப்பு நூல் கண்ணேறு படாமல் காக்கும் என்று சில பெண்கள் அதையே விரும்பிக் கேட்டார்கள்.

கால்சட்டை போட்டுக்கொண்டு வரும் சர்க்கார் ஆளைக் கண்டால் அந்தப் பெண்கள் தொழுவத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போனார். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் என்னிடம் படித்தார்கள். நான் பேசினால் கேட்டார்கள். "எல்லாத்துக்கும் மருந்து உண்டுமா டீச்சரம்மா?" என்று கேட்கும்போது, "கொஞ்சத்துக்கு இப்பம், மத்ததுக்குப் பொறவு" என்று சொல்வேன். அப்படிச் சொல்லும்படி அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்து நானே சொன்னேன். ஒரு மாதத்துக்குள் சாகப்போகிற கன்றுக்குப் பிறகு என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

கறுப்பு நூல் கட்டிய முதல் கன்று செத்தபோது அவர் அதை மாமரத்தடியில் அறுத்தார். குடலிலிருந்து எடுத்த புழுக்களைப் பீங்கான் வட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றி அலசினார். வட்டில் நிறைந்துவிட்டது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்கும் தெரிந்தது. கையைக் கழுவி முடிக்கும் வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்தடுத்துக் கறுப்பு நூல் கன்றுகள் விழுந்தன. சிவப்பு நூல் கட்டியவை துள்ளிக்கொண்டு நின்றன. அவர் நினைத்தது சரிதான். சரியாக இருந்ததுதான் எங்களுக்குக் கஷ்டமாகப் போயிற்று.

என் வகுப்பில் படித்த ஒரு பெண் சில நாட்களாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. அவளுடைய அம்மா தயிர் விற்கிறவள், என்னை விட மூத்தவள். கன்றுக்குக் கறுப்பு நூல் கட்டியிருந்தோம். பிள்ளையைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். அவள் தொழுவத்தில் கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்றின் வயிறு உப்பியிருந்தது.

"பிள்ளைய ஏன் அனுப்பல்ல அக்கா?" என்று கேட்டேன்.

"பாலு வித்தாத்தானே டீச்சரம்மா அவளுக்குக் கஞ்சி. நான் இப்பம் கறக்கதே இல்ல. போன கண்ணு நான் கூடுதலாக் கறந்துதான் செத்துது. இதுக்கு மொத்தப் பாலையும் விட்டாச்சு, ஒரு சொட்டு எடுக்கல்ல. பின்ன எதுக்கு இது இப்பிடிக் கெடக்கு?"

"பாலு கொறஞ்சதுனால இல்லக்கா. வயித்துல புழு இருக்கு."

"புழுவா? நான் தொழுத்த நெதமும் கழுவித்தானே வச்சிருக்கேன்."

"தாய் வயித்துல கெடக்கும்போதே வந்திருக்கும்னு இவங்க சொல்லுதாங்க."

அவள் எருமையை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பம் அதுக்கும் தள்ளதான் குத்தமாக்கும்" என்றாள். தள்ள என்றால் தாய். நான் ஆறுதல் என்று நினைத்துச் சொன்னது தாயின் தலையிலேயே இன்னொரு பழியாகப் போய் இறங்கியது.

கன்றின் தலையைத் தடவிக்கொண்டே அவள் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. "பொறவு மருந்து ஊத்துவோம்னு நீங்கதானே சொன்னிய. எப்பமாக்கும் வருவிய?"

நான் எழுந்துகொண்டேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கண்ணு ஒரு வாரம் தாங்காது" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா இருக்கிய?"

பேனாவைக் கீழே வைத்தார். "இன்னும் ஒரு மாசம் பொறுத்தா எழுதி முடிச்சிருவேன். இந்த ஒண்ணுக்குக் குடுத்தா மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"மத்ததுக்கும் குடுங்க."

"ஏட்டி, எல்லாத்துக்கும் குடுத்தா அது ஆராய்ச்சி இல்ல. ஆராய்ச்சி இல்லன்னா சர்க்கார் மருந்து வாங்காது. கல்குளத்துலயும் விளவங்கோட்டுலயும் சாகுத கண்ணுக்கெல்லாம் ஆரு பதில் சொல்லுவா? நீயா?"

"அதை எல்லாம் நான் பாக்கல்ல. இதைப் பாத்துட்டேன்."

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. எழுதினதை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, முற்றத்தில் போய் நின்றார். நான் கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் புட்டியையும் மூங்கில் குழாயையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடவே போனேன். முதலில் தயிர்க்காரி வீட்டுக்கு. அவள் கன்றின் தாடையை அகட்டிப் பிடித்தாள், அவர் குழாயை வாயின் ஓரத்தில் வைத்து மெதுவாகச் சரித்தார். பிறகு கறுப்பு நூல் கட்டி உயிரோடு மிஞ்சியிருந்த கன்றுகளின் வீடுகளுக்கெல்லாம் போனோம். எல்லாவற்றுக்கும் புகட்டினார். அதில் ரொம்பவும் மெலிந்திருந்த ஒரு கன்று மருந்தைத் தாங்காமல் அன்று மாலையே செத்தது. மருந்து ஊற்றிக் கொன்றுவிட்டார்கள் என்று அந்த வீட்டுக்காரி தெருவில் நின்று அழுதாள். அவள் சொன்னதைத் தப்பு என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

மற்றவை பிழைத்தன. தயிர்க்காரியின் கன்றுக்கு இரண்டு நாள் புழுவாகவே போயிற்று. அடுத்த வாரம் அது எழுந்து நின்று மடியை முட்டியது. அவள் ஒரு கலயம் தயிரோடு வந்தாள். "சொன்ன சொல்லு தப்பாம பொறவு வந்துட்டியல்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றியதாகவே அவள் நினைத்தாள். உள் அறையிலிருந்து அவர் வெளியே வரவே இல்லை. நல்ல கெட்டித் தயிர். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மேலதிகாரிக்கு அவர் நடந்ததை மறைக்காமல் எழுதினார். பாதியில் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்துவிட்டதால் இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்று பதில் வந்தது. மருந்து வாங்கவில்லை. பழையபடி பெண்கள் மேலேயே பழி நின்றது. மாடுகளுக்கு வரும் வெக்கை நோய்க்கு ஊசி போடும் வேலைக்கு அவரை அனுப்பினார்கள். ஊர் ஊராகப் போனார். புழுவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவர் என்னை ஒரு வார்த்தை கூடக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். ஜெபத்தில் முழங்காலிட்டால் நான் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் அந்தப் பெண்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததற்கா, கடைசியில் அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததற்கா? இரண்டையும் செய்தது என் வாய்தான்.

சில வருஷங்கள் கழித்து இரணியலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தங்கின வீட்டில் கருப்பட்டிக் காப்பியில் பால் இல்லை. பால் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"கண்ணு செத்துப்போச்சும்மா. எரும கிட்ட அடுக்க விடமாட்டேங்குது. நான்தான் பேராசப்பட்டுக் கூடுதலாக் கறந்துபோட்டேன்."

"நீங்க கறந்ததுனால இல்ல. அது புழு. பொறக்கும்போதே வயித்துல இருக்கும். மருந்து உண்டு" என்றேன்.

"இஞ்ச எங்க கிட்டும் அந்த மருந்து?"

எங்கேயும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க ஆறுதலுக்குச் சொல்லுதிய. எனக்குத் தெரியாதா நான் செய்தது" என்றுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடம் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எத்தன நாளான கண்ணு?" என்று கேட்டார்.

"மூணு வாரம் இருக்கும்."

தலையை ஆட்டினார். மரச்சீனிக் கிழங்கைப் பிட்டு மீன்குழம்பில் தொட்டவர், அதை வாயில் வைக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் வட்டிலில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.