காய்ந்த மண்ணில் நெளிந்தவை

குற்றாலத்துக் காட்டு மண்ணில் வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களை இனம் பிரிப்பது என் வேலை. உடன் வேலை பார்த்த முருகேசன் மாரடைப்பில் இறந்து சில வருடங்கள் கழித்து, அவர் கடைசியாக எடுத்துவந்த மண்பொட்டலம் காய்ந்துபோய்க் கிடைத்தது. அதைத் தண்ணீரில் ஊறவைத்தேன்.

நான் சொல்லியனுப்பியதால் மறுநாள் அவர் மனைவி எங்கள் தென்காசி ஆய்வகத்துக்கு வந்திருந்தார். இருவரும் நுண்ணோக்கியில் பார்த்தோம். நூல்துண்டுகளாகக் கிடந்த புழுக்கள் ஒவ்வொன்றாக நெளியத் தொடங்கின.

"அவுக எடுத்த மண்ணா அண்ணே?"

"ஆமாம்மா. காஞ்சா செத்த மாதிரி கெடக்கும், தண்ணி பட்டா எந்திரிச்சிரும்."

இனத்தை உறுதிசெய்ய அவற்றைக் கொன்றாக வேண்டும். வெந்நீரை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம்ணே. திரும்பி வந்ததுகள மறுபடி அனுப்பிராதீய."

அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் வெந்நீரை ஊற்ற எனக்குக் கை வரவில்லை. சாவைப் பற்றி இப்போதெல்லாம் நான் உறுதியாகப் பேசுவதில்லை.