பைபாஸா, பலூனா... யாரைக் கேட்பது?

போன வாரம் ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். படுத்திருந்தேன். நெஞ்சு வலி. மெட்ராஸ் போய்ப் படம் எடுத்துப் பார்த்ததில், இதயத்துக்குப் போகும் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, நெஞ்சைத் திறந்து பைபாஸ். இன்னொன்று, புதிதாக வந்திருக்கும் பலூன் — தொடை வழியாகக் குழாயை விட்டு, அதன் நுனியில் பலூனை ஊதி அடைப்பை விரித்துவிடுவது. "உங்களுக்கு பைபாஸ்தான் நல்லது. இருந்தாலும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அந்த 'இருந்தாலும்' போதாதா நமக்கு?

ஊர் திரும்பி கே.கே. நகர் வீட்டுக்கு வந்ததும் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முடியாமல் கிடப்பவரை எட்டிப் பார்க்காவிட்டால் நம் ஊரில் அது ஆயுசுக்கும் வருத்தம். வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டேன்... தெரிந்தவர்கள் யார் எதைச் செய்துகொண்டார்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள்?

"திருமங்கலத்துல எங்க சகலைக்கு பைபாஸ்தாண்ணே. கல்லு மாதிரி இருக்காரு."

"வாடிப்பட்டி ஜவுளிக்கடைக்காரரு பலூன் வச்சு மூணாம் நாளே நடந்து வந்துட்டாரு மாப்ள. எதுக்கு நெஞ்சைக் கிழிச்சுக்கிட்டு?"

பைபாஸ் செய்தவர்கள் எல்லோரும் சுகம். பலூன் வைத்தவர்களும் சுகம். அப்புறம் கத்தி எதற்கு? பலூன்தான் என்று முடிவு செய்து, வாடிப்பட்டிக்காரரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்கக் கிளம்பினேன்.

என் மனைவி சட்டையைத் தரவில்லை. "அவரு இல்லைங்க. அடைப்பு திரும்ப வந்து, போன மாசமே தவறிட்டாரு."

"நல்லாருக்காருன்னு சொன்னானே?"

"நாந்தான் வாசல்லயே எல்லார்ட்டயும் சொல்லி உள்ள விட்டேன். நெஞ்சுக்கு முடியாத மனுசன்ட்ட கெட்டது எதுவும் சொல்லிறாதீங்கன்னு." சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "பைபாஸ் பண்ணியும் ரெண்டு பேரு போயிருக்காங்க. அதையும் சொல்ல வேண்டாம்னுட்டேன்." அழுதுவிட்டாள்.

கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஒரு வாரமாக நான் ஒப்பிட்டது பிழைத்தவரையும் பிழைத்தவரையும்தான். செத்தவர்கள் விசாரிக்க வருவதில்லை. வந்தவர்களும் அவர்களை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

டாக்டருக்கு டிரங்க் கால் போட்டேன். "போனவங்களையும் சேர்த்துச் சொல்லுங்க டாக்டர்." மறைக்காமல் சொன்னார். இரண்டிலும் போயிருக்கிறார்கள். பலூன் சுலபம், ஆனால் மறுபடி அடைத்துக்கொள்ளலாம். பலூன் முறை வந்தே கொஞ்ச வருஷம்தான் ஆகிறது, பத்து வருஷம் கழித்து எப்படியோ அவருக்கே தெரியாதாம். மூன்றிலும் அடைப்பு என்றால் நெடுநாளைக்கு பைபாஸே மேல் என்றார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். பயமாகத்தான் இருக்கிறது.

நான் தவறிவிட்டால், அதை அடுத்த நோயாளியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.