அக்காவுக்கு மூன்று மாமனார்கள்

"எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்கிறாள்.

அத்தான் இன்னொரு வாய் எடுத்துக்கொள்கிறார். கண்ணை மூடி நிதானமாக மெல்கிறார். பெரிய வழக்கில் தீர்ப்புச் சொல்லப் போகிறவர்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சூடா இருக்கு" என்கிறார்.

"உப்பு?"

"இருக்கு."

இது ஏதோ ஒருநாள் நடந்ததல்ல, அன்றாடம் நடப்பது. அத்தான் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சாப்பாடு சூடாகத்தான் இருக்கிறது, உப்பும் இருக்கத்தான் செய்கிறது. உள்ளதை உள்ளபடி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வார். நல்லது, கெட்டது, பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று தரம் பிரிக்கச் சொன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. அக்கா புதுப்புடவை கட்டி முன்னால் வந்து நின்றால் "நீலம்" என்பார். மகள் ஒரு மாதம் பழகிய பாட்டைப் பாடிக் காட்டினால் "சத்தமா பாடினே" என்பார். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

கடைக்கு அனுப்பினால் இன்னும் ஆபத்து. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், "ரெண்டுக்கும் ஒரு நியாயம் இருக்கு" என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு வருவார். அவர்கள் வீட்டு முன்னறையில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் எதிரும் புதிருமாகத் தொங்குகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. எது சரி என்று அத்தானிடம் கேட்பதில் பயனில்லை.

அத்தான் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறார். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் துறையைத் தோற்றுவித்த பெரியவர்களை அறிமுகம் செய்துவைப்பது அவர் வேலை. ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் எந்நேரமும் நான்கைந்து சாக்பீஸ் துண்டுகள். அவர் சட்டைகள் எந்த நிறத்தில் வாங்கினாலும் பை மட்டும் வெள்ளையாகிவிடும். முன்னறைச் சுவரில் மூன்று படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்: மார்க்ஸ், துர்க்கைம், வெபர். மூவருக்கும் தாடி. வெபரிடம் கொஞ்சம் முறைப்பும் உண்டு.

"கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனா எல்லாருக்கும் ஒரு மாமனார். எனக்கு மூணு" என்பாள் அக்கா. அவளுடைய உண்மையான மாமனார் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. வயது வரிசைப்படி இவர்கள் பெரிய மாமனார், நடு மாமனார், சின்ன மாமனார் ஆனார்கள். சிம்மல் என்று நான்காவதாக ஒருவரும் இருக்கிறார். நெடுநாள் நல்ல வேலை கிடைக்காமல் அலைந்தவராம். இங்கேயும் சுவரில் இடம் கிடைக்காமல் புத்தக அலமாரி ஓரத்தில் சாய்ந்துகொண்டிருக்கிறார். அக்கா அவரை "வந்து தங்கினவரு" என்பாள்.

மாமனார்கள் சும்மா தொங்கிக்கொண்டிருப்பவர்கள் அல்ல, குடும்ப விவகாரம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவர்கள். மகள் பதினான்கு வயதில் பாத்திரம் கழுவ மறுத்து வேலைநிறுத்தம் செய்தாள். "கழுவுறது நான். வீடு உங்களுது, பாத்திரம் உங்களுது, சோப்பும் உங்களுது. எனக்கு என்ன இருக்கு?" என்று பெரிய மாமனார் படத்துக்குக் கீழே நின்று கேட்டாள். வேறு அப்பாவாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பார். அத்தானுக்குப் பூரிப்பில் கண் கலங்கிவிட்டது. உட்காரவைத்து உபரி உழைப்பு என்றால் என்ன என்று விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் அக்கா பாத்திரங்களைக் கழுவி முடித்திருந்தாள்.

நடு மாமனாரால் வந்த வினை இன்னும் பெரியது. எதிர்வீட்டுக்காரரின் புது சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. மனிதர் வயிறெரிந்து வாசலில் நின்றபோது அத்தான் ஆறுதல் சொல்லப் போனார். "ஒரு விதத்துல பாத்தீங்கன்னா, இதுல சமூகத்துக்கு ஒரு பலன் இருக்கு. குற்றம் நடந்தாத்தான் சட்டம்னு ஒண்ணு இருக்கறது எல்லாருக்கும் ஞாபகம் வருது. இப்ப பாருங்க, தெருவே ஒண்ணா நிக்குது" என்றார். தெரு ஒன்றாகத்தான் நின்றது. அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரர் அத்தானைக் கண்டால் மட்டும் தனியாக நடக்கிறார்.

ஆனால் அத்தானை முழுதாக விழுங்கியவர் சின்ன மாமனார்தான். அறிஞன் என்பவன் எதனால் எது விளையும் என்று விளக்கலாம். எது நல்லது என்று உபதேசம் செய்யக்கூடாது. வெபரிடமிருந்து அத்தான் எடுத்துக்கொண்ட பாடம் இது. எடுத்துக்கொண்டவர் அதை வகுப்பறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். பையில் ஒட்டிய சாக்பீஸ் தூள்போல வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவர்கள் குடியிருப்பில் கூட்டம் போட்டால் போய்ப் பாருங்கள். வாக்கெடுப்பு என்றதும் அத்தான் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வார். தப்பித்தவறிக்கூடக் கை மேலே எழும்பிவிடக் கூடாதாம். வாசல் படிக்கட்டுக்கு விளக்குப் போடலாமா என்ற தீர்மானம் ஒரே ஒரு கை குறைந்ததால் தோற்றுப்போனது. மறுவாரம் அதே இருட்டில் அக்கா தடுக்கி விழுந்து கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. அத்தான் குனிந்து பார்த்தார். "வீங்கியிருக்கு" என்றார்.

இப்படிப்பட்டவர் கல்யாணம் என்ற பெரிய முடிவை எப்படி எடுத்தார் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "நான்தான்டி கேட்டேன். 'சாத்தியம்தான்'னாரு. சரி, இதுக்கு மேல இவருகிட்டேருந்து எதுவும் வராதுன்னு அதையே சம்மதமா எடுத்துக்கிட்டேன்" என்றாள் அக்கா. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதட்டுமா என்று அத்தானிடம் கேட்டதற்கு, எழுதுவதால் வரும் விளைவுகள், எழுதாமல் விடுவதால் வரும் விளைவுகள் இரண்டையும் விளக்கினார். அதனால் எழுதுகிறேன்.

அக்கா நர்ஸ். வார்டில் அவள் குரலுக்கு டாக்டர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். சென்ற மாதம் அவளுடைய மருத்துவமனை, ஒரு ராத்திரி ரயில் தூரத்திலுள்ள இன்னோர் ஊரில் கிளை தொடங்குவதாக அறிவித்து, அங்கே தலைமை நர்ஸாகப் போகிறாயா என்று அவளைக் கேட்டது. கட்டில் போடுவதிலிருந்து ஆள் எடுப்பதுவரை எல்லாம் அவள் பொறுப்பு. மூன்று வருடம் அங்கேயே இருக்க வேண்டும். அத்தானுக்கு இங்கே கல்லூரி, மகளுக்குப் படிப்பு. போனால் அவள் தனியாகத்தான் போக வேண்டும்.

அவளுக்கு ஆசை இருந்தது. அந்த அளவுக்குப் பயமும் இருந்தது. "போகட்டுமா, வேண்டாமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அத்தானிடம் கேட்டாள். அத்தான் ஒரு வார்த்தைதான் சொல்லவில்லை. போனால் என்னென்ன நடக்கும், போகாவிட்டால் என்னென்ன நடக்கும், ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய விலை என்ன என்று சாப்பாட்டு மேசையில் கோடு போட்டு விளக்கினார். முடிவில், "தேர்ந்தெடுக்கிறது உன்னோட உரிமை" என்றார்.

அன்று காலையிலேயே அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். நகம் பெயர்ந்தபோதுகூட அழாதவள். "நல்லதோ கெட்டதோ, நான் ஒருத்தியே தூக்கிச் சுமக்கணுமாடி? நாளைக்கு ஏதாவது தப்பாப் போச்சுன்னா 'நீதானே போனே'ன்னு என்னை நானே கேட்டுக்கணும். வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூடச் சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். இவரு என்னடான்னா தெருவுல போறவளுக்கு வழி சொல்ற மாதிரி சொல்றாரு." மறுநாள் காலைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். நீயாவது போய் அந்த மனுஷன்கிட்ட பேசு என்றாள்.

அத்தானை வீட்டில் பிடித்தால் கடிகாரங்களுக்கு நடுவில் நழுவிவிடுவார் என்று நேராகக் கல்லூரிக்கே போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பின்வாசல் வழியாக நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வகுப்பில் அத்தான் வேறு ஆள். கை வீசிப் பேசுகிறார், சிரிக்கவைக்கிறார், பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓட்டமும் நடையுமாக இருக்கிறார். அன்றைக்குப் பாடம் சின்ன மாமனார்.

நடுவில் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப வெபர் வீட்டுலயும் எதையுமே நல்லது, கெட்டதுன்னு சொல்லமாட்டாரா சார்?"

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "அவரா? நல்லா கேட்டே. அந்த விதி இந்த மேடைக்கு மட்டும்தாம்மா. ஏன்னா இங்க நான் பேசறேன், நீங்க எதிர்த்துப் பேச முடியாது, மார்க் என் கையில. அந்த இடத்துல நின்னுக்கிட்டு என் கட்சிய உங்க தலையில கட்டறது நியாயமில்ல. வெளியில வந்துட்டா அவரு எதுலயும் ஒதுங்கி நிக்கல. எல்லாத்துலயும் பக்கம் எடுத்தாரு. அவரு மனைவி இருந்த பெண்கள் இயக்கத்த ஒருத்தர் பத்திரிகையில கேலி பண்ணினப்ப, சும்மா விட்டாரா? அந்தச் சண்டை கோர்ட்டு வரைக்கும் போச்சு. பேச வேண்டிய இடத்துல வாய மூடிக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு நடுநிலை இல்ல, அது வெறும் கோழை..."

அப்போதுதான் கடைசி பெஞ்சில் என்னைப் பார்த்தார். வாக்கியம் பாதியில் நின்றது. கையிலிருந்த சாக்பீஸை எதற்கோ பைக்குள் போட்டார், மறுபடி எடுத்தார். "மிச்சத்த அடுத்த வகுப்புல பாக்கலாம்" என்றார். பிள்ளைகள் மகிழ்ச்சியாகக் கலைந்தார்கள்.

தாழ்வாரத்தில் என்னோடு நடந்தார். "அவ அனுப்பினாளா?"

"அனுப்பினா. ஏன் அத்தான், உங்க பாடம் உங்களுக்கே கேக்காதா?"

மாடிப்படியில் இறங்கும்போது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "போன்னு சொன்னா விரட்டற மாதிரி இருக்கு. போகாதேன்னா கட்டிப்போடற மாதிரி இருக்கு. அவ இல்லாத வீட்ட நான் நெனச்சுப் பாத்ததே இல்லம்மா."

குத்திப் பேசத் தயாராகப் போயிருந்தவள் நான். ஆனால் இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "இதையே அவகிட்ட சொல்லுங்களேன்" என்றேன்.

"சொன்னா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடுமே" என்றார். பாவம் கொஞ்சம் குறைந்தது.

சாயங்காலம் அக்காவோடு நானும் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் சமையலறை வாசலில் சிலைபோல நின்றிருந்தாள். "சித்தி, அப்பா சமைக்கிறாரு" என்றாள், வீட்டில் தீப்பிடித்ததைச் சொல்லும் குரலில். அத்தான் வெந்நீர் வைத்துக்கூட யாரும் பார்த்ததில்லை. கடையில் இரண்டு காய்களில் எதை வாங்குவது என்று தெரியாமல் இரண்டையும் வாங்கி, எதை முதலில் சமைப்பது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டிருந்தார். பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது.

மேசையில் எல்லோருக்கும் பரிமாறினார். கரண்டியும் கையுமாக அக்கா பக்கத்தில் நின்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா கண்ணை மூடினாள். நிதானமாக மென்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சூடா இருக்கு" என்றாள்.

"உப்பு?"

"இருக்கு."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டுக்கு மேல் கவிழ்ந்துவிட்டாள். அத்தான் கரண்டியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்டியிலிருந்தே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார்.

"கேவலமா இருக்கு" என்றார்.

கால் நூற்றாண்டில் அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

"போகப் போகப் பழகிடும்" என்றார் மறுபடி.

"யாருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்கு."

அக்கா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் எதிர்பார்த்தது அந்த வார்த்தையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம்புவதற்கு அவளுக்குப் பயம். மகள்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, வோட்டு எடுத்துடலாம். அம்மா போகணும்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க" என்று தன் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

"விடுடி, அவரை ஏன் இழுத்து விடறே" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

அத்தானின் இடது கை தன் பழக்கப்படி தொடைக்கு அடியில் போய்விட்டிருந்தது. வலது கையில் கரண்டி இருந்தது. அதில் மீதமிருந்த சமையலோடு அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். சாறு மணிக்கட்டில் இறங்கி, சட்டைக் கையை நனைத்து, முழங்கையிலிருந்து மேசைமேல் சொட்டியது. "அத்தான், கொட்டுது" என்றேன். அக்கா நிமிர்ந்து பார்க்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.