எழுந்துபோக வேலையில்லாத காலை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘இதோக்கா’ என்று பெயர். யார் எதற்குக் கூப்பிட்டாலும் “இதோ வந்துட்டேன்” என்பாள். சொன்னபடி வந்தும் நிற்பாள், அதுதான் விசேஷம். இருபத்திரண்டு வருஷமாக நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, இஸ்திரி போட்டு, மூலைக்கு மூலை வைத்து மடிக்கிறவள். வீட்டிலும் காலில் சக்கரம்தான். விடுமுறைக்கு உறவு கூடினால், எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விடும்வரை அடுப்படியை விட்டு வரமாட்டாள். என்ன உழைப்பு என்று மெச்சுவார்கள். மெச்சட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? அந்த ஓட்டத்தில் பாதிதான் உழைப்பு. மீதி, ஒளிந்துகொள்வது.

ஒளிந்தது அண்ணனிடமிருந்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அப்பா மூச்சு இயந்திரத்தில் கிடந்தார். இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது. அண்ணன் தூரத்து ஊரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தான். “நான் வர்ற வரைக்கும் அப்பாவை வச்சிரு” என்று போனில் கெஞ்சினான். சரி என்றாள். ஆனால் அவன் வந்து சேர மூன்று மணி நேரம் இருக்கும்போதே, இயந்திரத்தை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வந்து நின்றவனிடம், “டாக்டர் இனிமே தாங்காதுன்னுட்டார்” என்றாள். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ராத்திரிவரை வைத்திருக்கலாம் என்றுதான் சொன்னார்.

இப்படி ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு அண்ணன் முகத்துக்கு நேரே எப்படி உட்காருவது? அடுத்த இரண்டு விடுமுறைக்கும் அவன் வந்தான். “கொஞ்சம் உக்காரேன், பேசணும்” என்றான். அவளோ இதோ இதோ என்று பொரிப்பதும் கழுவுவதுமாகப் பொழுதை ஓட்டிவிட்டாள். மூன்றாம் வருஷத்திலிருந்து அவன் வருவதே நின்றுபோயிற்று. போன வாரம் பொறுக்கமாட்டாமல் அவளே போன் போட்டுக் கூப்பிட்டாள்.

“வந்தா நீ உக்காருவியா?” என்று கேட்டான்.

“உக்காருவேண்ணா.”

சொல்லிவிட்டாளே தவிர, தன் காலைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? அடுப்படியில் ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தாலும் அதைச் சாக்காக வைத்து ஓடிவிடும். எனவே ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை என்று முடிவுகட்டினாள். முந்தின நாள் மதியமே ஆரம்பித்தாள். காய்ந்த ரொட்டியைத் துண்டு போட்டு அகலமான தட்டில் பரப்பினாள். முட்டையும் பாலும் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து அடித்து மேலே ஊற்றினாள். வதக்கிய வெங்காயத்தையும் கீரையையும் தூவி, மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். ராத்திரி முழுக்க அது பாட்டுக்கு ஊறும். காலையில் ஓவனில் தள்ளினால் முக்கால் மணியில் பொன்னிறமாக எழும்பி நிற்கும். இதில் ஒரு வித்தையும் கிடையாது. பழங்களை நறுக்கி எலுமிச்சை பிழிந்து டப்பாவில் அடைத்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்து உரித்தாள். தட்டு, கரண்டி, கை துடைக்கும் துணி, காபிக்குக் காலிப் பிளாஸ்க், இரண்டாவது தண்ணீர் ஜாடிகூட மேசைக்குப் போய்விட்டது.

புருஷன் வந்து பார்த்தார். “என்ன, நாளைக்கு அடுப்படிக்கு லீவா?”

“நான் எந்திரிக்க ஒரு சாக்கும் இருக்கக் கூடாதுங்க.”

அவருக்கு எல்லாம் தெரியும். கேலியை விட்டுவிட்டு, “அப்ப பாத்திரம் நான் கழுவுறேன். அந்தச் சாக்கும் வேணாம்” என்றார்.

மறுநாள் பத்தரை மணிக்கு அண்ணன் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது, அசப்பில் அப்பா. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் கொஞ்சம் பேசினார்கள். நடுவில் அவள் படக்கென்று எழுந்தாள்.

“என்ன வேணும்?” என்றான் அண்ணன்.

மேசையைப் பார்த்தாள். எல்லாமே இருந்தது. “ஒண்ணுமில்ல” என்று உட்கார்ந்தாள். புருஷன் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

“அண்ணா, டாக்டர் அப்படிச் சொல்லல” என்றாள். ஆறு வருஷமாக மென்று முழுங்கியது இத்தனை சின்னதா என்று அவளுக்கே ஆச்சரியம். “ராத்திரி வரைக்கும் வைக்கலாம்னாரு. நான்தான் எடுக்கச் சொன்னேன். மெஷின் குழாயைக் கடிச்சுக் கடிச்சு அப்பா வாயெல்லாம் புண்ணாயிடுச்சு. என்னால பாத்துட்டிருக்க முடியல. உனக்குச் சரின்னு சொல்லிட்டு உன்னை ஏமாத்திட்டேன்.”

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். “தெரியும்.”

“எப்படி?”

“அன்னைக்கே டாக்டரைப் பாத்துக் கேட்டேன். முதல்ல கோவம்தான். அப்புறம் யோசிச்சேன், நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அதைச் சொல்லத்தான் ரெண்டு வருஷம் வந்தேன். நீ உக்காரவே இல்லையே.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் வீணாய்ப் போனதே என்று தன்மேலேயே கோபமும் வந்தது. அழுது முடித்ததும் அவன் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான்.

“எடுத்தப்புறம் எவ்வளவு நேரம் இருந்தாரு?”

“இருபது நிமிஷம்.”

அவன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். “அதைச் சொல்லு. அது எனக்கு ஒண்ணுமே தெரியாது. முதல்லேருந்து சொல்லு.”

தட்டில் எல்லாம் ஆறிப்போயிற்று. அப்பாவின் கையைத் தான் எப்படிப் பிடித்திருந்தாள், அந்தக் கை எப்போது சில்லிட ஆரம்பித்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் கண்ணைத் திறந்து இரண்டு தடவை கதவுப் பக்கம் பார்த்தார் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.