பச்சை வண்டியும் ஏழு வேகத்தடைகளும்

செய்தி வந்தபோது காலை மணி ஆறு பத்து. ஜெயவேலு அப்போது ரேஷன் கடைக்கு எதிரே, ஐந்தாவது வேகத்தடையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். வேகத்தடையின் முதுகில் ஒரு நீளப் பலகை. பலகையின் நுனிக்கும் சாலைக்கும் நடுவே இரும்பு ஸ்கேல். மடித்துக் கட்டிய வேட்டியின் மேல் ஒரு சின்ன நோட்டு. பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: "இன்னாண்ணா, கார்ப்பரேஷன்ல வேலைக்கு சேந்துட்டியா?"

"ஆமா. நில்லு, உன் ஒயரத்தையும் அளந்துட்டு போறேன்."

பால்காரர் சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. ஜெயவேலு வழக்கம்போல வலது காதில் வைத்துக்கொண்டார். பேசியது அபிதகுஜாம்பாள், பட்டாபிராமனின் மனைவி.

"ஜெயவேலு, அவர் போயிட்டார். காபி எடுத்துண்டு போனேன். எழுந்துக்கலை."

"யாரு கூட கீறாங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஸ்கேலைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, பலகையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். மாடம்பாக்கத்தில் அவர் வீட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் பட்டாபிராமன் வீடு வரை ஏழு வேகத்தடைகள். ஆறாவதையும் ஏழாவதையும் குனிந்து பார்க்காமலே தாண்டிப் போனார்.

இந்த அளவெல்லாம் ஒரு காருக்காக. அந்தக் கார் அன்றைக்குச் சென்னைத் துறைமுகத்தில், ஒரு கன்டெய்னர் பெட்டகத்துக்குள், பதினோராவது நாளாக நின்றுகொண்டிருந்தது.

ஜெயவேலுவுக்கு அறுபத்து மூன்று வயது. தண்ணீர் லாரி ஆறு வைத்திருக்கிறார். முப்பது வருடம் மோட்டார் ரூமுக்குள் நின்று தண்ணீர் பிடித்ததில் இடது காது போய்விட்டது. யாராவது இடப்பக்கம் நின்று பேசினால், "அந்தாண்ட கடை மூடியாச்சு, இந்தாண்ட வா" என்பார். டயரைக் கையால் தொடமாட்டார். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டி, அது எகிறுகிற எகிறலிலேயே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நாற்காலியில் நேராக உட்காரத் தெரியாது. எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கால் மேலே ஏறிவிடும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நீல மைப் பேனா இருக்கும். எழுதுவது குறைவு. மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அதற்கு ஓயாத வேலை.

வண்டி வாங்குவதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பட்டாபிராமன் பார்த்துச் சரி என்று சொல்லாத எதுவும் வாசலுக்கு வராது. முதல் லாரியில் ஆரம்பித்த வழக்கம் அது. அப்போது பட்டாபிராமன் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டியிருக்கவில்லை; ஜெயவேலு வீட்டு மாடிப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்தவர். பழைய லாரி ஒன்று பேரம் முடிகிற நேரத்தில் மாடியிலிருந்து இறங்கி வந்து, அதன் அடிச்சட்டத்தை விரல் முட்டியால் நான்கு இடத்தில் தட்டிவிட்டு, "இங்கே ஒட்டுப் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் ஒட்டு இருந்தது. அன்றிலிருந்து ஜெயவேலுவுக்கு அவர் "பட்டாபி சார்". சார் என்றுதான் கூப்பிடுவார், நீ என்றுதான் பேசுவார். "பட்டாபி சார், நீ வந்து பாரு" என்றால் அதில் மரியாதைக்கும் குறைவில்லை, உரிமைக்கும் குறைவில்லை.

பட்டாபிராமனின் வேலையே கதவு மூடுவது. மறைமலை நகர் கார் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் இறங்கி வருகிற ஒவ்வொரு காரின் நான்கு கதவுகளையும் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டு, கையெழுத்துப் போடவேண்டும். இருபத்தோரு வருடம் அதையே செய்தார். தான் கேட்காத கதவுக்கு அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டு பீரோவை அபிதகுஜாம்பாள் அறைந்து சாத்தினால் ஹாலிலிருந்து குரல் வரும்: "மேல் கீல் ஆடறது."

அவருடைய டைரியில் ஒரு படம் இருந்தது. ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய பந்தயக் கார், ஜெர்மனியில் செய்வது, பச்சை நிறம். ஒருமுறை தண்ணீர் லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அதை ஜெயவேலுவிடம் காட்டினார். "ஓட்டணும்னு எல்லாம் இல்லைய்யா. உள்ளே உக்காந்து அந்தக் கதவை ஒரு தடவை மூடிக் கேக்கணும். அவ்வளவுதான்." ஷோரூமில் போய்க் கேட்டுவிட்டு வரலாமே என்றதற்கு, "வாங்க வராதவன் கதவை மூடிப் பாக்கறது திருட்டு மாதிரி" என்று படத்தை டைரிக்குள் வைத்துவிட்டார்.

ஜெயவேலு பதினொரு வருடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தன் நிலத்தில் மிஞ்சியிருந்த கடைசி மனையை விற்றபோது, மனைவி கிளியம்மாள் இன்னொரு மாடி கட்டலாம் என்றார். இவர் பட்டாபிராமன் வீட்டுக்குப் போய், "அந்தப் படத்த எடு சார்" என்றார்.

கிளியம்மாள் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "தவள மாதிரி கீது. ரெண்டே சீட்டு. நான் எங்க குந்துறது?"

"நீ லாரில வா."

வண்டியைச் சென்னையில் எடுக்கக் கூடாது, தொழிற்சாலைக்கே போய் எடுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் பட்டாபிராமன்தான். "லைன்லேர்ந்து இறங்கினபடியே பாக்கணும். ஷோரூம்காரன் துடைச்சப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்?" இரண்டு பேரும் சேர்ந்து பாஸ்போர்ட் எடுத்தார்கள். பட்டாபிராமன் ஆய்வுத் தாள் ஒன்று தயாரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாற்பத்து மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் டிக் போட ஒரு கட்டம், பார்த்தவர் பெயருக்கு ஒரு கட்டம். வண்டி தயார் என்று கடிதம் வந்த மாதத்தில் அவருடைய சிறுநீரகம் கெட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். விமானம் என்ற பேச்சையே டாக்டர் எடுக்க விடவில்லை. "தாள் போகட்டும், போன்ல நான் வரேன்" என்றார். ஜெயவேலு மகன் விக்கியைக் கூட்டிக்கொண்டு போனார். விக்கி நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வண்டி எடுக்கும் நாளை, டயாலிசிஸ் இல்லாத புதன்கிழமையாகப் பார்த்து வைத்தவன் அவன்தான்.

வெள்ளைக் கூடம், கண்ணாடிச் சுவர், நடுவே பச்சை வண்டி. விக்கி போனைப் பிடித்துக்கொள்ள, மாடம்பாக்கத்துக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்துக் கட்டிலிலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டிருந்தன.

"பானெட்டுக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கா பாரு."

"கீது சார்."

"கண்ணால பாக்காதே. நகத்தை வெச்சு ஓட்டு."

"ஓட்னேன். ஒண்ணாதான் கீது. சார், இவனுங்க நம்மள பாத்து சிரிச்சிகினு கீறானுங்க."

"சிரிக்கட்டும். நீ அடுத்ததுக்குப் போ."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நரைத்த மீசை வைத்த ஒரு ஜெர்மன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, தாளை எட்டிப் பார்த்து, தானும் அதே இடைவெளியில் நகத்தை ஓட்டிப் பார்த்துத் தலையசைத்தார். நாற்பத்திரண்டு வரிகளுக்கும் டிக் விழுந்தது. பார்த்தவர் கட்டத்தில் 'ஜெ'. கடைசி வரி: 'இடது கதவு. உள்ளிருந்து மூடும் சத்தம்.' அந்த வரிக்கு மட்டும் பட்டாபிராமன் ஊரிலேயே தன் பெயரை எழுதி அனுப்பியிருந்தார், 'ப.ரா.' என்று. ஜெயவேலு ஆசைப்பட்டு உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக் காட்டினார்.

"கேக்குதா சார்?"

"போன்ல எல்லாக் கதவும் தகர டப்பாதான். உன் காதை நம்பியும் இதை விட முடியாது. வண்டி வரட்டும். நான் உக்காந்து கேட்டுக்கறேன்."

அதற்கப்புறம்தான் எலுமிச்சம்பழம். காய்கறிக் கடையில் ஐந்து பழமும், எங்கெங்கோ தேடி ஒரு தேங்காயும் வாங்கி வைத்திருந்தார் ஜெயவேலு. நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம். தரை கறையாகிவிடும் என்று அவர்கள் பதறி, அட்டை கொண்டுவந்து விரித்தார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்தது, பழம் நசுங்கியது, நரைமீசைக்காரர் கைதட்டினார். ஐந்தாவது பழமும் தேங்காயும் மாடம்பாக்கம் சிவன் கோயில் வாசலில் உடைப்பதற்கு. கப்பல்காரர்கள், வண்டிக்குள் எந்தப் பொருளும் இல்லை என்று எழுதி வாங்கினார்கள். ஜெயவேலு கையெழுத்துப் போட்டுவிட்டு, பழத்தையும் தேங்காயையும் மஞ்சள் துணியில் முடிந்து, இன்ஜின் பின்னால் இருக்கிற அந்த வண்டியின் முன்பக்க டிக்கி மூலையில் செருகினார்.

"அப்பா, இன்னாப்பா இது?" என்றான் விக்கி.

"சாமிக்கு வெச்சது பொருள்ல வருமாடா? வழித்துணைக்கு ஒண்ணும் இல்லாம அவ்ளோ தண்ணிய தாண்டி வண்டிய தனியா அனுப்புவாங்களா?"

முப்பத்தெட்டு நாள் கழித்துப் பெட்டகத்தைத் திறந்தபோது பழம் அழுகிக் கறுத்திருந்தது. தேங்காய்க் குடுமியெல்லாம் பூஞ்சை. துறைமுக வேலைகளைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட் ஷ்யாம்சுந்தர் போனில் அழாத குறை. "சார், உள்ளே ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்துட்டு தேங்காய் வெச்சிருக்கீங்களே சார்! வெளிநாட்டுக் காய் பழம்னா அதுக்கு வேற ஆபீஸ், வேற பேப்பர். மருந்து அடிக்கணும், அப்புறம் திரும்ப செக் பண்ணணும். ரெண்டு வாரம் ஆகும் சார்."

அந்த இரண்டு வாரம் யாரிடம் இல்லை என்பது ஜெயவேலுவுக்குத் தெரியும். பட்டாபிராமன் அதற்குள் தலையணையில்லாமல் உட்கார முடியாதவராகியிருந்தார். ஜெயவேலு கட்டில் பக்கத்தில் போய் நின்று, நடந்ததைச் சொன்னார். பட்டாபிராமன் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, இருமலோடு சொன்னார்: "நாப்பத்து நாலாவதா ஒண்ணு எழுதியிருக்கணும்யா. டிக்கியில தேங்காய் இல்லைன்னு."

"சிரிக்காத சார். எனக்கு பேஜாரா கீது."

"வண்டி வந்தா நேரே இங்கே கொண்டு வா. கோயில் அப்புறம்."

மறுநாள் காலையிலேயே ஜெயவேலு பலகையும் ஸ்கேலுமாகக் கிளம்பிவிட்டார். வண்டி வயிற்றுக்கும் தரைக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. எந்த வேகத்தடையில் இடிக்கும், எங்கே பலகை போட்டு ஏற்றவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால், துறைமுகத்திலிருந்து வந்த கையோடு ஒரு நிமிடமும் வீணாகாமல் ராஜகீழ்ப்பாக்கம் போய்விடலாம். ஒரு நாளைக்கு ஒன்று என்று, விடிந்ததும் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அளந்தார். ஐந்தாவதில் இருக்கும்போது போன் வந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டே கிளியம்மாளிடம் சொன்னார்: "நாலோட வுட்டிருக்கணும். நாலு டயரு, நாலு பழம். அஞ்சாவது எதுக்கு எனக்கு?" இப்போதும் வெள்ளிக்கிழமை லாரிகளுக்குப் பூசை உண்டு. பழம் மட்டும் அவரே எண்ணித்தான் கொடுக்கிறார். மிச்சம் ஒன்று கையில் நின்றால், அங்கேயே நறுக்கி உப்புப் போட்டுக் குடித்துவிடுகிறார்.

வண்டி வந்துவிட்டது. மாடம்பாக்கத்தில் அதற்குத் 'தவள' என்றே பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயவேலு அதை வெளியே எடுக்கிறார். வேட்டியோடு அதற்குள் இறங்குவதைப் பார்க்கவே நாலு பேர் நிற்கிறார்கள். "ஏறுறதா இது? கெணத்துல எறங்குற மாதிரி கீது" என்று அவரே சொல்லிக்கொள்கிறார். மணிக்கு முப்பதைத் தாண்டுவதில்லை. ஒருமுறை அவருடைய சொந்த லாரியே ஹாரன் அடித்து அவரை முந்திக்கொண்டு போயிற்று. வேகத்தடை வந்தால் இறங்கி, டிக்கியிலிருந்து இரண்டு பலகைகளை எடுத்துப் போட்டு, ஏறி, தாண்டி, திரும்ப இறங்கிப் பொறுக்கிக்கொள்கிறார். ஏழு முறை இறங்கி ஏழு முறை ஏறினால் பட்டாபிராமன் வீடு.

தாளின் கடைசி வரிக்கும் டிக் போடச் சொல்லி விக்கி கேட்டுப் பார்த்தான். "நான் உக்காந்து கேட்டு சொல்றேம்ப்பா. அதோட முடிச்சிடு."

"நீ மூடுன கதவெல்லாம் ஃபிரிட்ஜு கதவுதான்டா."

போன ஞாயிற்றுக்கிழமை அபிதகுஜாம்பாள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஜெயவேலு சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து பிடித்தார். "உக்காருங்கம்மா." அவர் தயங்கி, தூணைப் பிடிப்பதுபோல் ஜெயவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை மடியில் ஒதுக்கிக்கொண்டு, கதவைத் தானே இழுத்து மூடினார். ஜெயவேலு கழுத்தைத் திருப்பி வலது காதைக் கண்ணாடியோரம் கொடுத்து நின்றார். சிறிது நேரம் கழித்துக் கண்ணாடி இறங்கியது.

"எப்டி கீதும்மா?"

"நன்னாத்தான் இருக்கு. அவருக்குன்னா சொல்லத் தெரியும். எனக்கு என்ன தெரியும்?"

ஜெயவேலு தலையை ஆட்டிக்கொண்டார். கை நீட்டி, முன்கண்ணாடிக்கு மேல் செருகியிருந்த ஆய்வுத் தாளை எடுத்துப் பிரித்து வண்டிக் கூரைமேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். கடைசி வரியைப் பார்த்தார். மூடியை மாட்டினார். தாளை அதே மடிப்பில் மடித்து, இருந்த இடத்தில் செருகிவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார்.

நாற்பத்து மூன்றாவது வரியில் 'ப.ரா.' என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டம் காலி.